ஆறு நாள் சவாரிக்கு ஒரு சேணம்: மார்வாரிப் பெண் குதிரை ஒன்றின் முதுகுப் புண்ணும் அதன் காரணமும்

பின்னணி

ராஜஸ்தானின் ஷெகாவாட்டிப் பகுதியில், ஜுன்ஜுனூ, சீகர் மாவட்டங்களின் மணல் தடங்களில், குளிர்காலத்தில் பல நாள் குதிரைச் சவாரிகள் நடக்கும். கடுகு வயல்களின் ஓரமும் கேஜ்ரி மரங்களுக்கு இடையிலும் செல்லும் பாதை, நடுநடுவே மணல்மேடுகள். பார்க்க எளிதான தரைதான். ஆனால் ஒரே சேணம் தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம், அடுத்தடுத்த நாட்களில், ஒரே முதுகில் உட்காரும்போது அரை அங்குலப் பிசகுகூடப் புண்ணாகிவிடும்.

இங்கே பதிவாவது அப்படிப்பட்ட ஒரு நிகழ்வு. ஒன்பது வயதான ஒரு மார்வாரிப் பெண் குதிரை, அதில் ஏறும் 41 வயதுப் பெண், குதிரையைப் பராமரிக்கும் குதிரைக்காரர், ஒரு கால்நடை மருத்துவர், ஒரு சேணத் தொழிலாளி. ஜனவரியில் ஆறு நாளில் 180 கி.மீ. போவது திட்டம். அக்டோபர் கடைசியில் ஆயத்தம் தொடங்கியது.

குதிரையின் உயரம் 14.3 கை. ஒரு கை நான்கு அங்குலம்; 14 கையும் 3 அங்குலமும் என்றால் சுமார் 150 செ.மீ. பிடரிமயிர் முடியும் இடத்தில் எழும்பி நிற்கும் எலும்பு மேட்டைத் தோள்மேடு என்று வைத்துக்கொள்வோம். மார்வாரிக் குதிரைகள் பலவற்றுக்கு அது உயரமாகவும் ஒடுங்கியும் இருக்கும். இதற்கும் அப்படித்தான். கூடவே, தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால் இரு பக்கமும் தசை வற்றிக் குழி விழுந்திருந்தது. குதிரைக்காரர் அதை இனத்தின் வாகு என்றே நினைத்திருந்தார். அது வாகு அல்ல, பல வருட அழுத்தத்தின் தடயம் என்பது பிறகுதான் தெரிந்தது.

லாயத்தில் இருந்தது ஒரு ராணுவச் சேணம். பிரிட்டிஷ் குதிரைப்படைக்காக 1912-ல் வகுக்கப்பட்ட வடிவத்தின் நகல்: முன்னும் பின்னும் இரும்பு வளைவு, இரு பக்கமும் நீளமான மரப்பலகை, மேலே தோல் இருக்கை. அடியில் மடித்த கம்பளியோ நம்தா என்னும் கம்பளி அடிவிரிப்போ போடுவார்கள். சரியான முதுகில் உட்கார்ந்தால் இது நல்ல சேணம். படைவீரர்கள் நாள்கணக்கில் இதில் போயிருக்கிறார்கள். இந்தக் குதிரைக்கும் தினமும் ஒரு மணி நேர வேலையில் பெரிய தொந்தரவு எதுவும் வெளியே தெரியவில்லை.

முதல் சோதனைச் சவாரி: கண்டவை

அக்டோபர் கடைசி வாரத்தில் 22 கி.மீ. போய்ப் பார்த்தார்கள். வயிற்றுப்பட்டையை இறுக்கும்போதே குதிரை தலையைத் திருப்பிக் காற்றைக் கடித்தது. மார்வாரிக் குதிரையின் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுமளவு நெருங்கி நிற்கும். பட்டை இறுகும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு நுனிகளும் விலகிப் பின்னால் படிந்தன. இது பல மாதப் பழக்கம் என்றும், குதிரைக்குக் கொஞ்சம் கோபம் அதிகம் என்றும் குதிரைக்காரர் சொன்னார். பட்டை கட்டும்போது வரும் கோபத்தைக் குணம் என்று ஒதுக்கக் கூடாது. முதலில் முதுகைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மணி நேரத்தில் சவாரி செய்தவருக்கு இரு முழங்கால்களின் உள்பக்கம் வலித்தது. மூன்றாவது மணியில் வால் எலும்பு. கால்கள் தாமாகவே முன்னால் போய்விடுவதாகவும், ட்ராட் என்னும் துள்ளோட்டத்தில் எழுந்து உட்காரும்போது ஒவ்வொரு முறையும் பின்னால் விழுவது போல இருப்பதாகவும் சொன்னார்.

சேணத்தை இறக்கியபோது முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. ஆனால் தோள்மேட்டின் இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு உலர்ந்த திட்டு. சுற்றிலும் ஈரம் இருக்க ஓரிடம் மட்டும் உலர்ந்திருந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: அங்கே சேணம் தொடவே இல்லை, அல்லது வியர்வைச் சுரப்பி வேலை செய்ய முடியாத அளவுக்கு அழுத்துகிறது. எது என்பதைத் தொட்டுத்தான் அறிய வேண்டும். அரை மணி நேரத்தில் விடை வந்தது. அதே இரண்டு இடத்திலும் கோழிமுட்டையைப் பாதியாக வெட்டி வைத்தது போல வீக்கம் எழுந்தது.

முதல் முடிவும் அது கெடுத்ததும்

சேணம் கடினமாக இருக்கிறது, மெத்தை வைத்தால் சரியாகும் என்று முடிவெடுத்தார்கள். இரண்டு நாள் ஓய்வுக்குப் பின், இருந்த கம்பளிக்கு மேல் 2.5 செ.மீ. தடிமனான நம்தா ஒன்றைச் சேர்த்து 15 கி.மீ. போனார்கள்.

இந்தத் தவறை எல்லா ஊரிலும் செய்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சேணத்தின் உள்ளே இருக்கும் சட்டகத்தை ட்ரீ என்பார்கள். அதன் முன்வளைவு குதிரையின் தோள்மேட்டைக் கவிழ்த்த ‘ப’ போலக் கவ்வி உட்காரும். வளைவு ஏற்கெனவே குறுகல் என்றால், அடியில் மெத்தை சேர்ப்பது இறுக்கமான ஷூவுக்குள் இன்னொரு ஜோடி சாக்ஸ் போடுவதற்குச் சமம். மேலும் இறுகும். இறுகியதால் சேணத்தின் முன்பக்கம் இன்னும் மேலே எழும்பும், இருக்கை இன்னும் பின்னால் சாயும், ஆடவும் தொடங்கும். ஆட்டத்தைத் தடுக்கப் பட்டையை இன்னும் இறுக்குவார்கள்.

அன்று நடந்ததும் இதுதான். திரும்பி வந்தபோது இடப்பக்க வீக்கத்தின் மேல்தோல் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு உரிந்திருந்தது.

மருத்துவர் வந்து பார்த்தார். நொண்டல் இல்லை, பல்லில் குறை இல்லை. முதுகெலும்புக்கு நான்கு விரல் தள்ளி, தோள்மேட்டிலிருந்து இடுப்பு வரை இரு விரலால் சீராக அழுத்திக்கொண்டே போனார். தோள்மேட்டின் பின்னால் குதிரை முதுகைப் பள்ளமாக இறக்கி நழுவியது. நடுவில் எதுவும் இல்லை. கடைசி விலா எலும்புக்கு அருகே மறுபடி இறக்கியது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு புள்ளிகளில் மட்டும் வலி. நாற்காலியின் நான்கு கால்கள் ஊன்றியது போல.

புண் ஆறி மயிர் முளைக்கும் வரை சேணம் கூடாது என்றார். தினமும் உப்புநீரில் கழுவி, அவர் கொடுத்த களிம்பைத் தடவினார்கள். 24 நாள் ஆனது. அந்த நாட்களில் குதிரையை நிறுத்தி வைக்காமல், முதுகில் எதுவும் இல்லாமல் மணல்மேட்டில் கையில் பிடித்து ஏற்றி இறக்கி நடத்தினார்கள். தினம் 40 நிமிடம். முதுகுத் தசை வளர இது உதவும்.

அளவெடுத்தல்

அந்த ஓய்வுக் காலத்தை வீணாக்காததுதான் இந்த நிகழ்வின் திருப்பம். கடைக்குப் போகும் முன் குதிரையின் முதுகைக் காகிதத்தில் இறக்கினார்கள்.

வளைகோல் என்ற ரப்பர் அளவுகோல் கிடைக்கவில்லை. மின்வேலைக்காரர்கள் பயன்படுத்தும் தடித்த அலுமினியக் கம்பியை, உறையோடு 70 செ.மீ. வெட்டி எடுத்தார்கள். குதிரையைச் சமதரையில், நான்கு காலும் சதுரமாக ஊன்ற, தலையைச் சாதாரண உயரத்தில் வைத்து நிறுத்தினார்கள். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தடவிப் பார்த்துச் சாக்பீஸால் கோடு. அங்கிருந்து 5 செ.மீ. பின்னால் கம்பியை முதுகின் குறுக்கே வைத்து அழுத்தி, வடிவம் கலையாமல் தூக்கி அட்டையில் வைத்து வரைந்தார்கள். பிறகு 10 செ.மீ. இடைவெளியில் இன்னும் இரண்டு. கடைசியாக முதுகின் நீளவாக்கில் ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு முறை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது. இடது வலது எது என்றும் தேதியும் அட்டையில் எழுதினார்கள். அட்டையை வெட்டிச் சேணத்தின் அடியில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது.

முன்வளைவு குதிரையைவிடக் குறுகல். குதிரையின் முதுகு நடுவில் பள்ளம். சேணத்தின் பலகையோ ஏறக்குறைய நேர்கோடு. நடுவில் 18 செ.மீ. நீளத்துக்குப் பலகை முதுகைத் தொடவே இல்லை. ஆற்றின் மேல் பாலம் போட்டது போல. எடை முழுவதும் நான்கு மூலைகளில். தோள்பட்டையின் பின்விளிம்பிலிருந்து கடைசி விலா எலும்பு முதுகெலும்பைச் சேரும் கோடு வரை, எடை தாங்கக்கூடிய நீளம் இந்தக் குதிரைக்கு 46 செ.மீ. பலகையின் நீளம் 54. மிஞ்சிய 8 செ.மீ. விலா எலும்பின் ஆதரவு இல்லாத இடுப்பில் ஊன்றியிருந்தது.

சவாரி செய்தவரின் வலிக்கும் காரணம் இங்கேயே கிடைத்தது. சேணத்தைக் குதிரையின் மேல் விரிப்பில்லாமல் வைத்து, உருண்டையான பென்சில் ஒன்றை இருக்கையில் குறுக்காகப் போட்டார்கள். பென்சில் உருண்டு நிற்கும் இடம்தான் இருக்கையின் தாழ்ந்த இடம். அது நடுவில் இருக்க வேண்டும். பென்சில் பின்மேட்டுக்கு 6 செ.மீ. முன்னால் வரை ஓடிப் போய் நின்றது. முன்பக்கம் எழும்பியதால் இருக்கை பின்னால் சாய, உட்கார்ந்தவர் வால் எலும்பில் அமர்ந்திருக்கிறார். பின்னால் விழாமலிருக்கக் காலை முன்னே உதைத்து, முழங்காலால் இறுக்கிப் பிடித்திருக்கிறார். குதிரையின் முதுகு வீங்கிப் புண்ணானதும் அவருடைய முழங்கால் வலித்ததும் ஒரே பிசகால்தான். இருக்கைக்கு மேலே எவ்வளவு மெத்தை போட்டிருந்தாலும் அந்த வலி போயிருக்காது.

எடைக் கணக்கு

மார்புச் சுற்றளவு 168 செ.மீ., தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளம் 152 செ.மீ. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் ஏறத்தாழ எடை வரும்: 361. சுமையோ, உடையும் தலைக்கவசமும் சேர்த்து ஆள் 67 கிலோ, சேணம் 12, பைகளும் தண்ணீரும் 7. மொத்தம் 86, அதாவது குதிரையின் எடையில் ஏறக்குறைய 24 சதவீதம்.

2008-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் எட்டுக் குதிரைகளை அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதச் சுமையுடன் ஓட்டிப் பார்த்தார்கள். 25-லிருந்து தசை வலியும் இறுக்கமும் தெரியத் தொடங்கின. இடுப்பு அகன்ற குதிரைகளுக்கு வலி குறைவாக இருந்தது. ஒடுங்கிய உடலுள்ள இந்தக் குதிரைக்கு 20 சதவீதமே, அதாவது 72 கிலோவே, இலக்கு என்று முடிவானது.

மூன்று சேணங்கள்

டிசம்பர் முதல் வாரத்தில் மூன்று சேணங்களை இரவல் வாங்கினார்கள்.

முதலாவது, முன்னால் கொம்பு வைத்த அமெரிக்க மேய்ப்பர் வகை. இருக்கை அகலமானது, உட்கார்ந்தால் இறங்க மனம் வராது. ஆனால் எடை 16 கிலோ. பின்பக்கத் தோல் கடைசி விலா எலும்பைத் தாண்டியது. ஏறிப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது, சட்டகம் இல்லாத சேணம். எடை 5 கிலோதான். இரண்டு மணி நேரச் சோதனையில் சவாரி செய்தவருக்கு எந்த வலியும் இல்லை. இதையே எடுத்துவிடலாம் என்றார். முடிவு செய்யும் முன், விரிப்புக்கு அடியில் வெளுத்த மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் போட்டு மறுநாள் அரை மணி நேரம் போனார்கள். முதுகிலிருக்கும் தூசி, அழுத்தம் விழும் இடத்தில் துணியில் கறையாகப் பதியும். துணியின் நடுவே, முதுகெலும்பின் நேர் மேலே, விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு. பாதம் வைக்கும் அங்கவடியின் வார்கள் தொங்கும் இடத்தில் இரு பக்கமும் இன்னும் கறுத்த திட்டு. தசை நிறைந்து முதுகெலும்பு உள்ளே புதைந்திருக்கும் குதிரைக்கு இந்தச் சேணம் நன்றாகப் பொருந்தலாம்; நடுவில் வாய்க்கால் விட்ட தடித்த தனி விரிப்பும் அதற்கு வேண்டும். முதுகெலும்பு துருத்தி நிற்கும் இந்தக் குதிரைக்கு ஆகாது. ஏறுபவரின் சுகத்தை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் இதுதான் தேர்வாகியிருக்கும்.

மூன்றாவது, செயற்கைத் தோலில் செய்த நெடுந்தூரச் சேணம், பழையது. எடை அங்கவடியோடு 7.5 கிலோ. முன்வளைவின் இரும்புத் தகட்டை, கல்லெட் பிளேட் என்பார்கள், கழற்றி வேறு அகலத்தில் மாட்டலாம். அடிமெத்தையின் நீளம் 43 செ.மீ., நடுவாய்க்கால் நான்கு விரல் அகலம். முதுகின் பள்ளத்துக்கு ஏற்ற வளைவும் இருந்தது. இருக்கை 17 அங்குலம். உட்கார்ந்தவருக்குப் பின்னால் நான்கு விரல் இடம் மிஞ்சியது.

தகட்டைத் தேர்ந்தெடுத்ததில்தான் சேணத் தொழிலாளியின் அனுபவம் பேசியது. அட்டை வடிவத்துக்கு அச்சாகப் பொருந்தியது ‘நேரோ’ என்னும் குறுகல் அளவுத் தகடு. அவர் அதற்கு அடுத்த, ஒரு அளவு அகலமானதை மாட்டச் சொன்னார். தோளுக்குப் பின்னால் இருக்கும் குழி, அழுத்தம் நீங்கினால் நிரம்பும். வற்றிய முதுகுக்கு அளவாகச் சட்டகம் வைத்தால் தசை வளர இடமிருக்காது என்றார். இப்போதைக்கு உள்ள இடைவெளியை, பை வைத்த விரிப்பில் கம்பளிப் பட்டைத் துண்டுகளை முன்பக்கம் செருகி நிரப்பினார். வலது குழிக்கு 10 மி.மீ., ஆழம் கூடுதலான இடது குழிக்கு 10-உம் மேலே 5-உம். ஆள் ஏறிய பிறகும் தோள்மேட்டின் மேல் இரண்டரை விரல் இடைவெளி இருந்தது. பென்சில் நடுவில் நின்றது.

இது முதல் தவறுக்கு முரணாகத் தோன்றலாம். குறுகிய சேணத்துக்கு அடியில் மெத்தை சேர்த்தது அழுத்தத்தைக் கூட்டியது. அகன்ற சேணத்துக்கு அடியில், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் சேர்த்தது இடைவெளியை நிரப்பியது.

மற்ற மாற்றங்கள் சிறியவை. தோலில் தைத்த தடித்த அங்கவடி வார்களுக்குப் பதில், தொடைக்கு அடியில் கொக்கி வராத மெல்லிய வார். பாத மரப்பு வராமலிருக்க மிதி அகலமான அங்கவடி. கால்சட்டையின் முழங்கால் உள்தையலும் ஒரு குற்றவாளி; தையலற்ற சவாரிக் கால்சட்டை வாங்கினார். பைகளைக் குறைத்து 2.5 கிலோவுக்குள் கொண்டுவந்து, மீதியைத் துணைக்கு வரும் ஜீப்பில் ஏற்றினார்கள். சுமை 77 கிலோவானது, 21 சதவீதத்துக்குச் சற்று மேல். இலக்கை எட்டவில்லை. அதை ஈடுகட்ட, ஒவ்வொரு மணி நேரமும் பத்து நிமிடம் இறங்கிக் கூடவே நடப்பது என்று தீர்மானித்தார்கள்.

டிசம்பரில் 10, 16, 24 கி.மீ. என மூன்று சோதனைகள். வியர்வைத் தடம் இரு பக்கமும் சீராக இருந்தது. மூன்றாவது சோதனையின்போது பட்டை கட்டுகையில் குதிரை தலையைத் திருப்பவில்லை.

சவாரி

ஜனவரி இரண்டாம் வாரம் புறப்பட்டார்கள். தினமும் மூன்று ஒழுங்குகள். பட்டை கட்டியதும் முன்கால்களை ஒவ்வொன்றாக முன்னே இழுத்து, பட்டைக்கு அடியில் மடிந்த தோலை நேராக்குவது. நடக்க வைத்த பத்து நிமிடத்தில் பட்டையை மறுபடி சரிபார்ப்பது. போய்ச் சேர்ந்ததும் சேணத்தை உடனே கழற்றாமல் பட்டையை மட்டும் தளர்த்தி 15 நிமிடம் விட்டு வைப்பது. அழுந்தியிருந்த இடத்துக்கு ரத்தம் மெல்லத் திரும்பும். இது பழைய குதிரைப்படை வழக்கம்.

முதல் இரண்டு நாள் குறை இல்லை. மூன்றாம் நாள் மதியம், வலது முழங்கைக்குப் பின்னால் பட்டை படும் இடத்தில் மயிர் தேய்ந்து தோல் சிவந்திருந்தது. பட்டை இறுக்கமும் இல்லை, இடமும் சரி. கழற்றித் திருப்பிப் பார்த்தபோது, மென்மைக்காகப் போட்டிருந்த கம்பளி உறைக்குள் நாலைந்து புரட் முட்கள். ஷெகாவாட்டி மணலில் வளரும் முட்புல்லின் காய் அது. துணியில் ஒட்டினால் விரலால்கூட எளிதில் பிடுங்க முடியாது. கம்பளி உறை அவற்றைத் தேடிப் பிடித்தது போலச் சேர்த்திருந்தது. அங்கேயே உறையைக் கழற்றிவிட்டு, வழவழப்பான ரப்பர்த் துணிப் பட்டைக்கு மாறினார்கள். மறுநாள் 14 கி.மீ. மட்டுமே போனார்கள், பாதி தூரம் நடந்தே. சிவப்பு அடங்கியது.

ஐந்தாம் நாள் சேணம் இடப்பக்கம் நகரத் தொடங்கியது. அங்கவடி வார்களைக் கழற்றி அருகருகே தொங்கவிட்டால் ஒரே துளையில் மாட்டியும் இடது வார் 2 செ.மீ. கூடுதல் நீளம். தினமும் பலமுறை தரையிலிருந்து இடது அங்கவடியை மிதித்து ஏறியதில் புது வார் இழுபட்டிருந்தது. வார்களை இடம் மாற்றினார்கள். அதன்பின் வயல் வரப்பு, கிணற்றுத் திண்டு என எதாவது ஒரு மேட்டில் நின்றே ஏறினார். இது குதிரையின் தோள்மேட்டுக்கும் நல்லது. தரையிலிருந்து ஏறும் ஒவ்வொரு முறையும் சேணம் அதை ஒரு பக்கமாக இழுக்கிறது.

ஆறு நாளில் 166 கி.மீ. முடிந்தது. திட்டமிட்டதைவிட 14 குறைவு. கடைசி மாலையும் மறுநாள் காலையும் முதுகை அழுத்திப் பார்த்தபோது குதிரை நழுவவில்லை. சவாரி செய்தவருக்குத் தொடையில் களைப்பு இருந்தது, முழங்கால் வலி இல்லை. வால் எலும்பில் கடைசி நாள் லேசான வலி இருந்ததை மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும்.

மாற்றிச் செய்யவேண்டியவை

அளவெடுப்பதை அக்டோபரில், முதல் சவாரிக்கு முன்பே செய்திருக்க வேண்டும். அட்டையும் கம்பியும் நூறு ரூபாய்க்குள் அடங்கும். அவை இல்லாததால் குதிரை 24 நாள் புண்ணோடு நின்றது. முதல் வீக்கம் கண்டதும் அந்தச் சேணத்தை ஒதுக்கியிருக்க வேண்டும். இரண்டாவது சவாரிக்கு எந்த நியாயமும் இல்லை.

புது வார்களை டிசம்பர்ச் சோதனைகளிலேயே வாரம் ஒருமுறை இடம் மாற்றிப் பழக்கியிருக்கலாம். கம்பளி உறை லாயத்துக்கு அருகில் சுத்தமான தடத்தில் நன்றாக இருந்தது; முட்புல் தரையில் அதைச் சோதிக்கவில்லை. தூரச் சவாரிக்கான எந்தப் பொருளையும் போகப்போகும் தரையிலேயே ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ராணுவச் சேணத்தைத் தூக்கிப் போடவில்லை. அதே லாயத்தில் முதுகு அகன்று தட்டையான ஓர் ஆண் குதிரைக்கு அட்டை எடுத்துப் பார்த்தபோது நன்றாகவே உட்கார்ந்தது.

பின்தொடர்தல்

மார்ச்சில் பழைய புண் இருந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைத்தது. மயிர்க்காலின் நிறமணுக்கள் அழுத்தத்தில் அழிந்ததால் அது இனி நிறம் மாறாது. அதே மாதம் இடது பக்கத்துக் கூடுதல் 5 மி.மீ. துண்டை எடுத்தார்கள், சேணம் நேராகவே நின்றது. மே மாதம் புது அட்டை எடுத்து நவம்பர் அட்டையின் மேல் வைத்தார்கள். தோளுக்குப் பின்னால் இரு பக்கமும் குழி ஏறக்குறைய ஒரு விரல் தடிமனுக்கு நிரம்பியிருந்தது. மீதியிருந்த இரண்டு 10 மி.மீ. துண்டுகளையும் உருவிவிட்டு, அந்த அகன்ற தகட்டிலேயே இப்போது போகிறார்கள்.